மூன்று நிமிட அழைப்பு

இரஞ்சிதத்துக்கு மூச்சு நாலைத் தாண்டியதே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக எண்ணிக்கொண்டு போவாள். நாலில் சிங்கப்பூர் ஆங் மோ கியோ வீட்டு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் சேலை வந்து நிற்கும். காலையில் வானம் மூட்டமாக இருந்ததே என்று தோன்றும். அதன் பிறகு மூச்சாவது, எண்ணிக்கையாவது. பாலஸ்தியர் பக்கத்து புத்த விகாரையின் தியான வகுப்பில் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் இதே கதைதான். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள். பக்கத்தில் குசுமா பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பொறாமையாக இருக்கும்.

"பத்து வரைக்கும் போனா பரிசா குடுக்கப் போறாங்க? மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க லா, அக்கா" என்பாள் குசுமா, வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது.

இவளை அங்கே இழுத்து வந்தவளே குசுமாதான். சிங்களப் பெண். ஆனால் சிராங்கூன் ரோட்டுத் தமிழர்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கிளினிக்கில் தாதி. இரஞ்சிதம் தீராத தலைவலி என்று அங்கே போனபோது, மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, "கோவம் நிறைய வருமா அக்கா?" என்று கேட்டாள். அதுதான் ஆரம்பம்.

கோபம் வரத்தான் செய்தது. வெளிநாட்டுத் தொலைபேசி நிலையத்தில் இருபது வருஷமாக இரஞ்சிதத்துக்கு ஒரே வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் விளக்கு எரிந்தால் கம்பியைச் செருகி, அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் இணைப்புக் கொடுக்க வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் உலகமே அவளைத்தான் திட்டும். ஒருநாள் அவளும் பதிலுக்குத் திட்டி, எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாள். தியானத்தில் அவள் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: விளக்கு எரிவதற்கும் கம்பியைச் செருகுவதற்கும் நடுவே ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு. அதற்குப் பிறகு கத்துகிற ஆளின் குரலுக்கு அடியில் பயம் இருப்பது கேட்க ஆரம்பித்தது. "இப்பல்லாம் நீங்க யாரையும் கடிக்கிறதில்ல" என்று பக்கத்துப் பலகை ரஷீதா சிரித்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஜூலைக் கடைசியில் கொழும்பு எரிந்தது. சிங்களக் கும்பல்கள் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தன.

இரஞ்சிதத்தின் ஒரே தம்பி பேரின்பநாயகம் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வீடு மட்டும்தான். செய்தி வந்த நாளிலிருந்து கொழும்பு லைன் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் பதிவு செய்த வரிசைப்படிதான், ஆளுக்கு மூன்று நிமிடம். ஊழியர்கள் தங்கள் அழைப்பை முன்னால் போடக்கூடாது. அவள் பதிவுச் சீட்டு எங்கோ அடியில் கிடந்தது. அது மேலே வந்த அன்று மறுமுனையில் மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பழக்கத்தில் கால்கள் விகாரைக்குப் போய்விட்டன. அன்றைக்கு அன்புத் தியானம். முதலில் நான் நலமாயிருக்கட்டும், பிறகு நண்பர், பிறகு முன்பின் தெரியாதவர், கடைசியில் நமக்குத் தீங்கு செய்தவர். கடைசி வரியில் இரஞ்சிதம் நிறுத்திவிட்டாள். கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் சிங்கள முகங்கள், கண்மூடி, சாந்தமாக. எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

குசுமா செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"உங்க ஆளுங்க நல்லா இருக்கட்டும்னு நான் சொல்லணுமா? என் தம்பி உயிரோட இருக்கானான்னு தெரியல. பேரின்பநாயகம். வெள்ளவத்தை. ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அந்தப் பேரை உங்க ஆளுங்களால ஒழுங்கா சொல்லக்கூட முடியாது!" என்றாள் இரஞ்சிதம்.

பேருந்து வந்தது. இரஞ்சிதம் ஏறிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பகல் ஷிப்ட். கொழும்பு லைன் ஒன்று திறந்தது. மேலே இருந்த சீட்டைப் பெயர் பார்க்காமலே எடுத்து எண்ணைப் போட்டாள். சிங்கப்பூர்க் குரல் "ஹலோ" என்றதும் கை நின்றது. குசுமா. மறுமுனையில், கொழும்பில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா. இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு விலகிக்கொள்வதுதான் முறை. இரஞ்சிதம் விலகவில்லை.

சிங்களம் அவளுக்குத் தெரியாது. நலம் விசாரிப்பது மாதிரி இரண்டு வார்த்தை. அதன் பிறகு குசுமா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "பேரின்பநாயகம்." மறுமுனை தடுமாறியது. குசுமா மறுபடி சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், தாதிகள் மருந்துப் பெயரைச் சொல்கிற மாதிரி. வெள்ளவத்தை என்றாள். அக்கா திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை சரியாக வந்தது.

கடிகாரம் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி காட்டியது. அக்கா ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு நிமிடம் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்த சீட்டில் மார்சிலிங் முகவரி, யாரோ ஒரு சிவகாமசுந்தரி. அந்த அம்மாள் காலை ஐந்து மணியிலிருந்து காத்திருக்கிறாள்.

"உங்களுடைய மூன்று நிமிடம் முடிந்தது" என்றாள் இரஞ்சிதம், ஆங்கிலத்தில், அலுவலகக் குரலில்.

"அக்கா?" என்றது குசுமாவின் குரல், தமிழில்.

இரஞ்சிதம் கம்பியை உருவினாள். அடுத்த சீட்டுக்கு இணைப்புக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்த ரஷீதா தன் இடத்திலிருந்தே எட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை குசுமா நிலையத்தின் வாசலிலேயே வந்து நின்றாள். அவளுடைய அக்கா முந்தின இரவு கொழும்பிலிருந்து அழைத்திருந்தாள்; தேடிப் போயிருக்கிறாள். வீடு இல்லை, சுவர்தான் நிற்கிறது. நாலு பேரும் ஒரு பள்ளிக்கூட முகாமில் பத்திரமாக இருக்கிறார்கள். உடுத்த துணியோடு, வெறுங்காலோடு ஓடியவர்கள். இரஞ்சிதம் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். குசுமாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது..."

"அது பரவால்ல லா. மூணு நிமிஷத்துல கட் பண்ணிட்டீங்களே, அதுதான் கோவம். அக்கா அவ வீட்டு மாமரத்தப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா, அதுக்குள்ள நீங்க!"

இரஞ்சிதத்துக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் குசுமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் கொழும்புக்கு விமானம் ஏறுவதாக இருந்தது. ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துப் போகச் சம்மதித்திருந்தார். அன்று மாலையே இருவரும் சிராங்கூன் ரோட்டில் ஜலாலுதீன் செருப்புக் கடைக்குள் நுழைந்தார்கள்.

"என்ன சைஸ்மா?" என்றார் கடைக்காரர்.

அந்தக் குழந்தைகளை இரஞ்சிதம் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"பெரியவ பாதம் என் அக்கா கை நீளம் இருக்காம்" என்றாள் குசுமா. "அவ கை என் கையவிடக் கொஞ்சம் பெருசு." உள்ளங்கையை விரித்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

இரஞ்சிதம் ஒரு சிவப்புச் செருப்பை எடுத்து அந்தக் கையின்மேல் வைத்துப் பார்த்தாள். விரல் நுனிக்கு அப்பால் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். குசுமா கையை எடுக்காமல் காத்திருந்தாள்.