இடம்புரி மரை

மூன்று நாள் விடாது பெய்த மழை விடியலோடு ஓய்ந்துவிட, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் அந்த நெடுந்தெருவின் இருமருங்கிலும் ஓட்டுக்கூரைகள் நீர் சொட்டிக்கொண்டும், கழுவப்பெற்ற மதில்கள் இளவெயிலை வாங்கிக்கொண்டும், வீட்டுக்கு வீடு முன்புறத்தில் கேட்பாரற்று முழங்கால் அளவு வளர்ந்த புல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டும் இருந்த காலைப் பொழுதில், தெருக்கோடியில் நின்ற கடைசி வீட்டிலிருந்து அரம் இரும்பை உராயும் ஓசை ஒரே சீராய் எழுந்துகொண்டிருந்தது. அதை அடுத்த வீட்டிலோ, இடுப்பளவு மதிலுக்கு இப்பால், ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அவ்வோசையைக் கேட்டு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். அரம் இழுக்கும் போக்கில் பிழை ஏதேனும் உண்டா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒரு பிழையும் அகப்படவில்லை. அவருடைய புழுக்கம் அதனால்தான்.

படிக்கும் பெருந்தகையீர், அதற்குள் இவரை இகழ்ந்துவிட வேண்டா. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் ஆலையில் கடைசல் பொறியின் முன் நின்று, இரும்பை மெழுகாய் வழித்து, மயிரிழை வேறுபாட்டைக் கட்டைவிரல் நுனியால் தடவியே சொல்லவல்லவர் என்று பெயர் வாங்கியவர். தெருவார் அவரைக் கடைசலார் என்றே அழைப்பர். அடுத்த வீட்டில் அரம் இழுத்தவரோ, ஆளும் பேரும் நிலமும் எல்லையும் எழுதிக் குவிக்கும் பதிவு அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் மை தொட்டு எழுதி ஓய்ந்த எழுத்தர். கடைசலாரின் மனைவிக்கு இளையவளை மணந்தவர். ஆக இருவரும் சகலைகள். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்களுக்கு, மற்றவன் இலையில் விழுந்தது தன் இலையில் விழுந்ததைவிடப் பெரிதோ என்று எட்டிப் பார்க்கும் உரிமையும் சேர்த்தே வழங்கப்படுகிறது என்பதை, மருமகனாய் வாழ்ந்து பார்த்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

கடைசலாரிடம் நெடுநாளாய் ஒரு பேச்சு உண்டு. வேலை ஓய்ந்ததும் வீட்டுப் பின்னறையைத் துப்புரவாக்கி அங்கே தமக்கென்று ஒரு தொழிற்கூடம் அமைக்கப்போவதாகப் பத்தாண்டுகளாக, உண்ணும்போதும் உறவினர் வரும்போதும், சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னறையில் கால் ஒடிந்த நாற்காலிகள் கூடினவே அன்றி வேறொன்றும் நடக்கவில்லை. எழுத்தரோ ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லாமல், வண்டி நிறுத்தும் கொட்டகையின் மண்தரையைக் கெட்டிப்படுத்தி, வெளிச்சம் இடத்தோளின் மேல் விழும்படி சாளரம் திறந்து, தேக்குப் பலகையில் மேசை அடித்து, அதன் விளிம்பில் இடுக்கியைப் பூட்டி, சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தைக் கரிக்கோட்டால் வரைந்து ஆணி அறைந்து, மூடப்பட்ட ஒரு பள்ளியிலிருந்து சிறிய கடைசல் பொறி ஒன்றையும் கொணர்ந்து மூலையில் நிறுத்திவிட்டார். வந்தவர் போனவரெல்லாம் கடைசலாரிடமே வந்து, "உங்க சகலை கொட்டாயைப் பாத்தீங்களா, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்று சொன்னார்கள். பாவம், அவர்கள் அறியாமல் செய்த கொடுமை அது.

அக்கூடத்தின் நடுவே, பலகை மேல் கிடந்தது ஒரு பழைய புல்வெட்டும் பொறி. உருளையாய் வளைந்த ஆறு அலகுகள் சுழன்று, கீழே கிடக்கும் நிலையான அலகோடு உரசிப் புல்லைக் கத்தரிக்கும் வகையைச் சேர்ந்தது. இருவருக்கும் மாமனாரான, பெருந்தோட்டம் ஒன்றைப் பேணிவந்த மனிதர், தம் கையாலேயே முப்பது ஆண்டுகள் ஓட்டியது. அவர் மறைந்து வீட்டை ஒழித்த அன்று, துருவேறிக் கிடந்த அதைக் காலால் தள்ளி, "இது எதுக்கு, எடைக்குப் போட்டுடலாம்" என்று எல்லார் முன்னும் சொன்னவர் கடைசலாரேதான். இளைய மகள் மட்டும் அதன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். சிறுமியாய்த் தந்தையின் பின்னே நடந்து வெட்டுண்ட புல்லை அள்ளிக் கூடையில் இட்டவள் அவள். எழுத்தர் அன்றே அதை வண்டியில் ஏற்றினார். அது மீண்டும் ஓடுவதை மனைவி தன் கண்ணால் காணவேண்டும் என்பது அவர் கொண்ட ஒரே எண்ணம்.

அவ்வெண்ணம் ஈடேற அவர் நாள்தோறும் மதிலோரம் வந்து நின்றார். துருவை எதில் ஊறவைப்பது, அலகுக்கும் அலகுக்கும் இடைவெளி எவ்வளவு விடுவது, தாளைக் கொடுத்துச் சுழற்றினால் நறுக்கென்று வெட்டுப்பட வேண்டுமா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். கேட்டதைக் குட்டைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு போய் அப்படியே செய்தார். செய்ததைக் காட்டவும் வந்தார். கடைசலாருக்கு அக்கேள்விகள் தேனாய் இனித்தன. அவ்விடைகளால் அடுத்த கொட்டகையில் எழும்பிய அழகோ வேம்பாய்க் கசந்தது. ஆலையை விட்டு வந்தபின் அவர் கைத்திறனை நாடி வந்து கேட்ட மனிதர் உலகத்தில் அந்த ஒருவரே என்பதை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மழை ஓய்ந்த அந்தக் காலையிலும் அரத்தின் ஓசை நின்றது. எழுத்தர் மதிலோரம் வந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன். இந்த ஒரு நட்டு மட்டும் அசையவே மாட்டேங்குது."

கடைசலார் போனார், குனிந்தார். உருளைத் தண்டின் முனையில், சங்கிலி பூட்டும் பற்சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்த தலைமூடிய ஆறுமூலை மரை அது. உள்ளே திருகுப் புரி எத்திசையில் ஓடுகிறதென்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. ஆயினும் எழுத்தர் பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டியிருந்த இடத்தில், மரையின் ஒவ்வொரு மூலையிலும் சிறு வெட்டுக்குறி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தொழிலறிந்தார்க்கு அது போதும். வழக்கமான மரை இடப்பக்கம் திருகினால் கழலும். மூலையில் வெட்டுடையது இடம்புரி, அது வலப்பக்கம் திருகினால்தான் கழலும். கடைசலார் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அறிந்தார். அறிந்தவர், சுவரில் வரிசையாய்த் தொங்கிய கருவிகளையும், சாளரத்தின் வழியே சாய்ந்து விழுந்த வெளிச்சத்தையும், மெருகேறிய அலகுகளையும் ஒருமுறை பார்த்தார்.

"பலம் பத்தலை தம்பி," என்றார். "ஸ்பேனர் நுனியில நீளமா ஒரு பைப்பைச் சொருகி இழு. வந்துரும்."

எழுத்தர் எதையும் இருமுறை சரிபார்த்தே பழகியவர். "எப்பவும் போல இடப்பக்கம்தானேண்ணே?"

"வேற எந்தப் பக்கம்?"

கேள்விக்குக் கேள்வியையே விடையாய்க் கொடுத்தார், கேட்டீர்களா. பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு தம் நெஞ்சுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள ஓர் இடுக்கு வேண்டுமே.

எழுத்தர் குழாயைச் செருகினார். இரு கையாலும் பற்றி, பாதத்தைப் பலகையில் ஊன்றி, முழு உடலையும் சாய்த்து இழுத்தார். முதலில் ஒரு முனகல் எழுந்தது. பின்பு சிறு சுள்ளி ஒடிவது போன்ற ஓசையோடு குழாயும் திருகுசாவியும் மரையும் ஒன்றாய்த் தரையில் விழுந்தன. தண்டின் கழுத்து முறிந்துபோயிருந்தது. தேநீரோடு வந்துகொண்டிருந்த இளையவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என் கைக்கு இதெல்லாம் வராதுண்ணே," என்றார் எழுத்தர், முறிந்த முனையைத் தடவியபடி. "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் முரட்டுத்தனமா இழுத்துட்டேன்."

"பரவால்ல விடுங்க," என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுக் குவளைகளை மேசை மேல் வைத்து, திரும்பிப் பாராமல் உள்ளே போனாள்.

வெட்கக்கேட்டைச் சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை: அன்று நண்பகல் கடைசலார் வயிறார உண்டார். "இன்னிக்கு என்ன, ரெண்டாவது தரம் கேக்கறீங்க?" என்று மனைவி வியக்கும் அளவுக்கு உண்டு, அயர்ந்து உறங்கவும் செய்தார். மறுநாள் அரத்தின் ஓசை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கொட்டகைக் கதவு சாத்தியே கிடந்தது. ஒருவரும் மதிலோரம் வரவில்லை. நான்காம் நாள், தேநீர்க் குவளையோடு காரணம் விளங்காமல் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவரின் முன் எழுத்தர் வந்து நின்றார்.

"அண்ணே, இது என்னால ஆகாது. நீங்கதான் வந்து செஞ்சு குடுக்கணும். லேத்து சும்மாதான் கிடக்கு."

ஆ, அந்த இரண்டு நாட்கள். கடைசலார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அக்கூடத்துள் நுழைந்தபோது அவருடைய நடையே மாறிவிட்டது. முறிந்த கழுத்தை அறுத்து நீக்கி, புதுமுனையாகத் தண்டு ஒன்றைக் கடைந்து பற்றவைப்பது என்றும், அதற்கேற்ற மரையையும் புதிதாகவே செய்வது என்றும் முடிவு செய்தார். இரும்புச் சுருள் நீலம் பாரித்துச் சுருண்டு உதிர, உளி இழைத்த இடமெல்லாம் கண்ணாடியாய் மின்ன, அவர் கேட்குமுன் எழுத்தர் கருவியை எடுத்து நீட்ட, பத்தாண்டுக் கனவு அடுத்தவன் கொட்டகையிலேனும் நிறைவேறியது போல் ஓர் அமைதி அவர் நெஞ்சில் இறங்கியது. பொறாமை கூட எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு மகிழ்ச்சி மனிதனை வாய்க்காவல் இழக்கச் செய்யும்.

இரண்டாம் நாள் பிற்பகல், புரி வெட்டும் வேலை. பற்சக்கரங்களை மாற்றிப் பூட்டிப் பொறியை ஓடவிட்டார். வலமிருந்து இடமாக நகரவேண்டிய உளி இடமிருந்து வலமாக நகர்ந்தது.

"அண்ணே, பக்கம் மாறிப் போகுதே," என்றார் எழுத்தர்.

கடைசலார் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல், முப்பத்து நான்கு ஆண்டுப் பெருமிதமும் குரலில் ததும்ப, நிதானமாய் விளக்கினார். "இது இடம்புரி தம்பி. சக்கரம் சுத்தற சுத்துல நட்டு தானா கழண்டுடக் கூடாதுன்னு இப்படி வெச்சிருக்கான். அந்தப் பழைய நட்டை எடுத்துப் பாரு, மூலைக்கு மூலை வெட்டு இருக்குதா? அதான் அடையாளம். தொழில் தெரிஞ்சவன் பாத்த ஒடனே சொல்லிடுவான்."

எழுத்தர் உதிரிகளைப் போட்டுவைத்த சிற்றேனத்திலிருந்து அந்த மரையை எடுத்தார். முறிந்த துண்டு இன்னும் உள்ளேயே இறுகியிருக்க, அதை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி, ஒவ்வொரு மூலையாய்ப் பார்த்தார். பொறி ஓடிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு நீங்க குனிஞ்சு பாத்தீங்களேண்ணே."

கடைசலாரின் கை பொறியை நிறுத்தியது. முகம் சுண்டிப்போனது. சாளரத்துக்கு வெளியே இளையவள் துணி உலர்த்தும் ஓசை கேட்டது.

"பாத்தேன்," என்றார்.

"எந்தப் பக்கம்னு கேட்டேனே."

"கேட்ட."

எழுத்தர் மரையை ஏனத்தில் இட்டு மூடினார். பின்பு எண்ணெய்க் குப்பியை எடுத்து, உளியின் முனையில் மூன்று துளி விட்டு, "நிறுத்திட்டீங்களே, சூடு ஆறிடும்," என்று மட்டும் சொன்னார். கடைசலார் மீண்டும் பொறியை ஓட்டினார். அவர் வாழ்நாளில் வெட்டிய புரிகளிலெல்லாம் பழுதற்றது அது. வெட்டி முடிக்கும் வரை அவருக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை.

நான்கு நாள் கழித்துப் பொறி ஓடியது. கைப்பிடியைத் தள்ளியபடி இளையவளே முன்புறத்துப் புல்லில் நேர்கோடாய்ப் போய் நேர்கோடாய்த் திரும்பினாள். அலகுகள் சலசலக்க, பச்சை மணம் தெருவெல்லாம் பரவ, அவள் கன்னங்களில் நீர் வழிந்தது. பொறியை நிறுத்திவிட்டு நேரே கடைசலார் நின்ற மதிலோரம் வந்தாள். "மாமா, நீங்க இல்லேன்னா இது ஓடியிருக்காது," என்று அவர் கைகளைப் பற்றிக்கொண்டாள். கணவர் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது கடைசலாருக்கு அப்போது புரிந்தது. எழுத்தர் சற்றுத் தள்ளி, துணியால் கையைத் துடைத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பட்ட அடிகளிலெல்லாம் அந்த நன்றியே கடைசலாருக்கு மிகுதியாய் வலித்தது.

அதன்பின் எழுத்தரின் கூடத்துக்கு வேலிச்செடி கத்தரிக்கும் பழம்பொறி ஒன்று வந்தது. அடுத்து மருந்து தெளிக்கும் ஒரு பித்தளைக் குடமும் வந்தது. கடைசலார் தாமே மதிலோரம் போய், "என்ன தம்பி, ஏதாச்சும் பாக்கணுமா?" என்று கேட்டார். "பரவால்லண்ணே. நான் பாத்துக்கறேன்." முகத்தில் சினம் இல்லை, குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. மறுநாளும் கேட்டார், மறுநாளும் அதே விடை வந்தது. சண்டை போட்டிருந்தால் சேர்ந்துகொள்ள வழி பிறந்திருக்கும்.

ஒருநாள் அடுத்த தெருவிலிருந்து பற்றவைப்பாளர் ஒருவர் வந்து, கொட்டகையில், முன்பு கடைசலார் நின்ற இடத்தில் நின்றார். எழுத்தர் குட்டைக் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்க, வந்தவர் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதில் பாதி பிழை. முன்பு ஒரு கொட்டகையைப் பார்த்துப் புழுங்கிய உள்ளம், இப்போது அதில் நின்று கேட்கப்படும் ஒரு மனிதனைப் பார்த்து வெந்தது. பொறாமைப்படுவோர் அடுத்தவர் கையில் இருப்பதை எண்ணி எண்ணியே நாளைக் கழிக்கின்றனர். தம் கையில் இருந்தது எதுவென்று அவர்களுக்குத் தெரியும் வேளையில் அது கையில் இருப்பதில்லை. எழுத்தர் பித்தளைக் குடத்தின் திருகை இறுக்கத் தொடங்க, தாங்கமாட்டாமல் கடைசலார் மதிலுக்கு இப்பாலிருந்து, "தம்பி, அதை அவ்வளவு இறுக்காத. கால் சுத்து போதும், இல்லேன்னா பித்தளை கிழிஞ்சிடும்," என்றார். அது உண்மை, முழுவதும் உண்மை.

எழுத்தர் நிமிர்ந்தார். "சரிண்ணே," என்று தலையசைத்தார். பிறகு பற்றவைப்பாளர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.