திரையின் அடியில் ஒரு பச்சை டிக்

மகாராஜாவுக்கு ஞாபகமறதி என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வராது. கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று திருத்துவான். வேறெங்கோ என்பது பெரும்பாலும் பெயர் தெரியாத ஒரு வெளிநாட்டு ரயில் நிலையம். மொழிபெயர்ப்பு நாவல்களைத் தின்று வளர்ந்தவன். அவன் அனுபவித்த அதிகபட்சக் குளிர், பொன்முடி மலையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு சாயங்காலம்தான். ஆனாலும் பனியில் புதைந்த ஊர்களைப் பற்றி அவனிடம் தீர்மானமான கருத்துகள் இருந்தன. மத்தியானம் சாப்பிட்டோமா என்பதை மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

இப்பேர்ப்பட்டவன் கழக்கூட்டத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிவில் வேலை நிரந்தரமாகும், அல்லது ஆகாது. பழவங்காடியில் ஹோட்டல் மாஸ்டராக இருக்கும் அப்பா சொரிமுத்து, நிரந்தரமாகிவிட்டதாகவே தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பிறந்த மூன்றாம் நாளே மகாராஜா என்று பெயர் வைத்தவர். முன்கூட்டிச் சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

கம்பெனியில் விதி ஒன்றுதான். அன்றன்று எழுதியதை அன்றன்றே கமிட் செய்து, அதாவது இன்னதை மாற்றினேன் என்று பதிந்து, அலுவலக சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாதது எழுதாததற்குச் சமம். மகாராஜா இரண்டு தடவை அனுப்ப மறந்தான். இரண்டாவது தடவை டீம் லீட் ஆதிரா குரலை உயர்த்தவே இல்லை.

"மூணாவது தடவை வேண்டா, கேட்டோ" என்று தன் மலையாளத் தமிழில் மட்டும் சொன்னாள்.

மறக்காமல் இருக்கப் பழகுவதைவிட, தனக்குப் பதிலாக ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றைச் செய்துவிடுவது சுலபம் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் நாள் முழுக்க வேலை செய்யும் டெர்மினல் என்கிற கறுப்புத் திரையின் அடியில் ஒரு பட்டை உண்டு. மணியும் தேதியும் காட்டும் ஸ்டேட்டஸ் பார். அனுப்பாத மாற்றம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதையும் அதிலேயே காட்டச் செய்தால், கண்ணைத் தாழ்த்தினாலே தெரிந்துவிடும்.

விவரமானவர்களுக்கு அது அரைமணி நேர வேலை. மகாராஜாவுக்கு ஒன்பது நாள் ஆனது. முதலில் எத்தனை ஃபைல் மாறியிருக்கிறது, எத்தனை வரி கூடியது, எத்தனை குறைந்தது, கடைசியாக அனுப்பி எவ்வளவு நேரமாயிற்று என்று எல்லாவற்றையும் ஏற்றினான். பட்டை கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசலாகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக இறக்கி, கடைசியில் ஒரே ஒரு குறியை நிறுத்தினான். எல்லாம் அனுப்பியாயிற்று என்றால் பச்சை டிக், இல்லையென்றால் சிவப்புப் புள்ளி. எந்தப் பச்சை என்று முடிவு செய்ய மட்டும் ஒரு நாள். பட்டைக்காக எழுதிய இந்தச் சின்ன நிரலை அறுபத்து மூன்று தடவை கமிட் செய்து பத்திரமாக அனுப்பி வைத்தான். அதை ஒரு தடவைகூட மறக்கவில்லை.

வேலை செய்கிறதா என்று முறைப்படி சோதிக்கவும் செய்தான். 'நாவல்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தான். பிற்காலத்தில் அவன் எழுதப்போகும் மகத்தான நாவலுக்கானது. தினமும் காலையில் டெர்மினலை அந்த ஃபோல்டரில்தான் திறப்பான். ஒரு நிமிஷம் மரியாதையாகப் பார்த்துவிட்டு அலுவலக வேலைக்குப் போவான். அதில் ஒரே ஃபைல், ஃபைலில் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றினான். பட்டையில் சிவப்பு வந்தது. கமிட் செய்து அனுப்பினான். பச்சை வந்தது. சோதனை முடிந்தது.

அடுத்த வாரம் ஆதிரா அவனை நம்பி ஒரு வேலை தந்தாள். விழிஞ்ஞத்தில் ஒரு மீனவர் சங்கம், ஐஸ் லாரிகளை முறைப்படி அழைக்க ஒரு பெரிய மின்பலகை கேட்டிருந்தது. எந்த லாரி முதலில் வந்தது, எந்த வள்ளத்துக்கு, அதாவது மீன்பிடி படகுக்கு, அவசரம் என்று பார்த்து வரிசை போட வேண்டும். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை மகாராஜா எழுதினான். நன்றாகவே எழுதினான். நாலு நாளும் பட்டையில் பச்சை. இன்றைக்கு அனுப்பினோமா என்று மனசின் ஒரு மூலை கேட்கும். கீழே பார்ப்பான். பச்சை இருக்கும். அப்படியானால் அனுப்பியிருப்போம். சாப்பிட்டதே ஞாபகமில்லாதவனுக்கு இதில் சந்தேகப்பட என்ன உரிமை இருக்கிறது? யோசிக்காமலே கைகள் கடமையைச் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

வெள்ளி சாயங்காலம் ஸ்ரீஜித் வந்தான். அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். பழைய லாப்டாப்புகளை வாங்கி அழித்துவிட்டுப் புதியவை கொடுக்கிற வேலை அன்றைக்கு. எல்லாம் அனுப்பியாயிற்றா என்று கேட்டான். மகாராஜா பட்டையைப் பார்த்து, ஆயிற்று ஸ்ரீயேட்டா என்றான். திரையைத் திருப்பிப் பச்சை டிக்கைக் காட்டவும் செய்தான். ஸ்ரீஜித் கையிலிருந்த பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு லாப்டாப்பை வாங்கிக்கொண்டு போனான்.

திங்கள் காலை புதிய லாப்டாப்பில் மகாராஜா முதல் வேலையாகத் தன் பட்டையை இறக்கிக்கொண்டான். நாவலும் வந்தது. வழக்கம்போல் டெர்மினலை அதில் திறந்ததும் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. பிறகு ஐஸ் லாரி வேலையை இறக்கினான். போன திங்கள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. திரும்ப இறக்கினான். அப்போதும் அதேதான்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சங்கத்தின் செயலாளர் தாசையன் பலகையைப் பார்க்க வருகிறார்.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆதிரா எழுந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டு, சர்வரில் சரிபார்க்காமல் அழித்துவிட்டாயா என்று கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் ஸ்ரீஜித் வேறொருவர் லாப்டாப்பைத் தவறுதலாக அழித்து, அதற்காக மேலிடம்வரை போய் நின்றவன். அவன் முகம் வெளுத்துவிட்டது. பட்டியலை எடுத்துப் புரட்டினான்.

மகாராஜா பேசாமல் இருந்தான். அவன் படித்த நாவல்களில் இந்த மாதிரி இடத்தில் வருகிறவர்கள் காய்ச்சலோடு தெருத் தெருவாக அலைவார்கள், இருநூறு பக்கம் தூங்கமாட்டார்கள். அவர்களுக்காக அவன் பஸ்ஸில் அழுதிருக்கிறான். தனக்கு வந்தபோது பார்த்தால், ஏ.சி. காற்றில் சும்மா உட்கார்ந்திருப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. மூன்றாவது தடவை என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. நாலு நிமிஷம் அப்படியே போயிற்று.

ஸ்ரீஜித் பட்டியலை மடித்தான். தான் போட்ட கோட்டையே நம்பாதவன்போல, தன்னுடைய தவறாகத்தான் இருக்கும் என்று ஆதிராவிடம் மலையாளத்தில் தணிந்த குரலில் சொன்னான்.

"சேச்சி, நான்தான் அனுப்பல" என்றான் மகாராஜா. "ஸ்ரீயேட்டன் கேட்டாரு. பச்சையா இருந்துச்சு, அதான் அனுப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

இருநூறு பக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்தான் ஆனது.

"எந்து பச்சை?" என்றாள் ஆதிரா.

காட்டினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐஸ் லாரி ஃபைலில் வேண்டுமென்றே ஒரு வரியை அடித்தாள். பட்டை பச்சையாகவே இருந்தது. இன்னொரு வரி அடித்தாள். பச்சை. எங்கே டெர்மினலைத் திறந்தாய் என்று கேட்டு, நாவல் ஃபோல்டருக்குப் போய் அங்கே ஒரு எழுத்தைத் தட்டினாள். உடனே சிவப்பு வந்தது. பட்டை, டெர்மினல் முதலில் திறந்த ஃபோல்டரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் பிறகு எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. நாலு நாளும் அது நாவலைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது. நாவலில் எதுவும் மாறவில்லை, அதனால் பச்சை.

ஆதிராவுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

மகாராஜா படித்தான். "அன்று விடிந்ததிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது,"

"எவிடெ?"

"எங்கேன்னு இன்னும் முடிவு பண்ணல சேச்சி."

எழுதி எவ்வளவு நாளாயிற்று என்று ஸ்ரீஜித் கேட்டான். நாலு மாசம் என்றான் மகாராஜா. ஸ்ரீஜித் பட்டியலை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

மூன்று மணிக்குள் ஆதிராவும் அவனுமாகச் சேர்ந்து, லாரிகள் வந்த வரிசையை மட்டும் காட்டும் ஒரு பலகையைத் தேற்றினார்கள். வள்ளத்தின் அவசரம் இதற்குத் தெரியாது. தாசையன் அறையின் கோடிவரை பின்னால் நடந்து போய் நின்று பார்த்தார். எழுத்து பெரிதாக வேண்டும் என்றார். அவசர வள்ளம் எங்கே என்றும் கேட்டார். வியாழக்கிழமை காட்டுகிறோம் என்றாள் ஆதிரா.

அவர் போனபின் அவனைக் கூப்பிட்டு, இந்த மாதம் நிரந்தரமாக்கும் கடிதம் வராது, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றாள். அவன் தலையாட்டினான். தெருவில் சொன்னதையெல்லாம் இனி எப்படித் திரும்ப வாங்குவது, நீ சீக்கிரம் வேலையை நிரந்தரமாக்கப் பார் என்றார் வீட்டில் சொரிமுத்து.

பட்டையைத் திருத்த ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது அது அவன் நிற்கிற ஃபோல்டரைப் பார்க்கிறது. அதனால் பகல் முழுக்கச் சிவப்பு. செவ்வாயும் புதனும் அந்தச் சிவப்புக்கு மேலே உட்கார்ந்து, எழுதியதையே இரண்டாம் தடவையாக எழுதினான். இரண்டு நாளும் ஸ்ரீஜித் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டாலும் மானிட்டரைத்தான் பார்த்தான்.

புதன் சாயங்காலம் வேலை முடிந்தது. கமிட் செய்தான். அனுப்பினான். பச்சை டிக் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், நாற்காலியைத் திருப்பினான்.

"ஸ்ரீயேட்டா, சர்வர்ல வந்திருக்கான்னு ஒண்ணு பாப்பீங்களா?"

ஸ்ரீஜித் திரும்பவில்லை. கீபோர்டில் இரண்டு தட்டல் கேட்டது.

"ரெண்டு ஃபைல் வந்நிட்டுண்டு."

"மூணுல்லா எழுதினேன்" என்றான் மகாராஜா.

ஏற்கெனவே இருக்கிற ஃபைல் மாறினால்தான் பட்டைக்குத் தெரியும். புதிதாக முளைத்த ஃபைலை அது கணக்கிலேயே எடுக்காது. வள்ளத்தின் அவசரம் முழுவதும் அந்தப் புதிய ஃபைலில்தான் இருந்தது. பச்சை டிக் மிக அழகாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"எடா மகாராஜாவே" என்று ஸ்ரீஜித் பெருமூச்சு விட்டான். பிறகு உட்கார்ந்தபடியே நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் பக்கம் வந்தான்.