கடலுக்குத் தப்பின வள்ளி

காத்தான்குடியில் மரஞ்செடி பற்றி முனாப் காக்காவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். தேத்தண்ணிக் கடையில் யாராவது "எலுமிச்ச பூக்குதில்ல" என்று வாய் திறந்தால் போதும், கோப்பை ஆறும்வரை மனுசன் விடமாட்டார். உள்ளதைச் சொன்னால் அவர் வளர்த்ததெல்லாம் சாடியில் ரோசாவும் குரோட்டனும்தான். அது பக்கத்து வளவு ஸஹீதாவுக்கு எங்கே தெரியும்? தை மாதம் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கட்டார் புறப்பட்டபோது, வேலியோரத்து வள்ளிக்கிழங்குக் கொடியை அவரிடம்தான் ஒப்படைத்தாள்.

"காக்கா, கொடி காஞ்சா..." என்று தொடங்கினாள்.

"எனக்கா புள்ள சொல்லித்தாறாய்? போயிட்டு வா!" என்று கையை வீசிவிட்டார்.

அது சும்மா கொடியில்லை. சுனாமி அவளுடைய கடற்கரை வீட்டையும் உம்மாவையும் கொண்டுபோன பிறகு, அடுத்த மாரிக்கு அந்த வெறும் மணலில் முளைத்து நின்றது அது ஒன்றுதான். உம்மா ஊன்றிய கிழங்கு. அதைத் தோண்டி வந்துதான் ஆற்றோரத்து இந்தப் புது வளவில் வைத்தாள்.

இரண்டாம் மாசம் இலை மஞ்சளாகியது. முனாப் வாளி வாளியாக ஊற்றினார். மூன்றாம் மாசம் தண்டும் சுருண்டு காய்ந்தது. ஊருக்குப் புத்தி சொல்கிறவர் ஒரு கொடியைச் சாகவிட்டார் என்று தெரிந்தால் கடைத்தெருவில் தலைகாட்ட ஏலுமா? ஒரு விடியலில் பாத்தியை ஆழக் கொத்தி, மண்ணோடு எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அள்ளி ஆற்றங்கரைப் பள்ளத்தில் கொட்டினார். உள்ளே என்ன கிடக்கிறதென்று குனிந்து பார்த்தாரா? இல்லை. யாரும் காணுமுன் முடிக்கவேண்டுமென்ற அவசரம். செங்கலடியில் வாங்கிவந்த காகிதப்பூச் செடியை அந்த இடத்தில் நட்டுவிட்டார்.

ஆறாம் மாசம் வட்சப்பில் ஸஹீதாவின் குரல் வந்தது. "காக்கா, வள்ளி எப்பிடி இரிக்கு?"

"பச்சப்பசேலெண்டு இரிக்கு, யோசிக்காத!"

பதில் கொஞ்சம் சுணங்கித்தான் வந்தது. "சரி காக்கா." அவ்வளவுதான்.

பத்தாம் மாசம் மழை இரண்டு கிழமை ஊற்றி ஓய, ஸஹீதா வந்து இறங்கினாள். வேலியடியில் காகிதப்பூ சிவந்து நின்றது.

"கொடி எங்க காக்கா?"

"அது செத்துப்போச்சு புள்ள. நான் ஊத்தாத தண்ணியில்ல."

"வள்ளி கோடைக்குச் சாகிறல்ல காக்கா. மேலதான் காயும். கிழங்கு மண்ணுக்குள்ள உறங்கி, மாரிக்கு எழும்பும். அதத்தான் போகக்குள்ள சொல்ல வந்தன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஆறாம் மாசம் பச்சையா இரிக்கெண்டு சொன்னீங்களே, அப்பவே எனக்கு விளங்கிட்டு. அந்த மாசத்தில எந்த வள்ளியும் பச்சையா நிக்காது."

அப்போதே தெரிந்திருக்கிறது! தெரிந்தும் ஒரு சொல் கேட்கவில்லை. முனாப் கொட்டிய இடத்தைச் சொல்லிவிட்டு மண்வெட்டியோடு ஆற்றங்கரைக்கு ஓடினார். ஸஹீதா பின்னால் வந்தாள்.

பள்ளத்தைக் காணவில்லை. மழைக்கு ஆறு ஏறி, அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். சாரத்தோடு இறங்கிக் குனிந்து சேற்றைத் துழாவினார். பொலித்தீன் வந்தது, சிரட்டை வந்தது. பிறகு ஒரு கிழங்கு வந்தது. அதன் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு முளை. முதல் மழைக்கு அது எழும்பித்தான் இருக்கிறது. பிடித்த பிடியில் அழுகல் விரலிடுக்கால் கூழாய் வழிந்தது.

"கடலுக்குத் தப்பினது புள்ள," என்றார். "எனக்குத் தப்பல்லயே."

அவள் ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் சொல்லுவேன் என்றிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"போதும் காக்கா," என்றாள் ஸஹீதா கரையில் நின்று. "காய்ச்சல் வந்திரும். ஏறி வாங்க."

முனாப் ஏறவில்லை. கரைக்கு வந்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். திரும்பவும் குனிந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த சேற்றையே துழாவிக்கொண்டிருந்தார்.