ஏழரை மணிக்குத் திறந்த மதகு

அவள் நீர்வள அலுவலகத்தில் ஆற்றுப் பூச்சிகளை எண்ணுபவள். முழங்கால் ஆழ வேகநீரில் வலையை ஊன்றி, எதிரே உள்ள கல்லைக் காலால் புரட்டுவாள். கல்லடியில் ஒட்டியிருந்ததெல்லாம் வலைக்குள் வந்துவிழும். வெள்ளைத் தட்டில் கொட்டி இடுக்கியால் எடுத்து எண்ணுவாள். அணைக்குக் கீழே மூன்று வருடமாக எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை.

கணவனின் தம்பிக்கு அந்த அணையில் மதகு இயக்கும் வேலை. ஒருநாள் சாப்பிடும்போது அவனிடமே கேட்டாள்.

"சாயங்காலம் எத்தனை மணிக்குத் தண்ணி திறக்குறீங்க தம்பி?"

"ஆறு மணிக்கு. அப்பதானே கரண்டு வேணும். ஏன் அண்ணி?"

"இருட்டுற நேரத்துலதான் பூச்சி முட்டை போடும், தண்ணி விளிம்புல இருக்குற கல்லுல. ஆத்துத் தண்ணி ஏறியிருக்குறப்போ மேல போட்டுட்டுப் போயிடும். காலையில தண்ணி இறங்குனா முட்டை காஞ்சு கருவாடாயிடும்."

"மறுநாள் வந்து போடலாமே."

"ஒரு வருஷம் தண்ணிக்குள்ள கல்லைப் புடிச்சுக்கிட்டுக் கிடக்கும். றெக்கை முளைச்சா ஒரே நாள்தான். திங்க வாய்கூடக் கிடையாது."

"வாய் இல்லன்னா நம்ம வீட்டுல பொழைக்க முடியாது" என்றான். கணவன் தட்டைப் பார்த்தபடி சிரித்தான்.

ஒன்றரை மாதம் கழித்து ஆற்றில் எடுத்த வெள்ளைத் தட்டில் நூற்று நாற்பது பூச்சிக் குஞ்சுகள் இருந்தன. மறுபடி எண்ணினாள். அதே நூற்று நாற்பது. வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனைத் தேடிப் போனாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னப்புறம் மூணு நாள் ஏழரைக்குத்தான் திறந்தேன்" என்றான். "மோட்டார் மக்கர்னு எழுதி வச்சுட்டேன்."

"இப்படிச் செய்யச் சொல்லி உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

காரணம் இல்லாமல் அந்த எண்ணை அறிக்கையில் எழுத முடியாது. காரணத்தை எழுதினால் அவன் மாட்டிக்கொள்வான். இரண்டு நாள் அறிக்கையை எழுதாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அவனே வந்தான்.

"எழுதுங்க அண்ணி. இல்லன்னா நான் லேட்டா திறந்தது சும்மா தூங்கிப்போன மாதிரி ஆயிடும்."

எழுதினாள். அவனுக்கு மெமோ வந்தது. கால்வாய் மதகுக்கு மாற்றினார்கள். கணவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

மறு வருடம் இரண்டு வாரத்துக்கு ஏழரை மணிக்குத் திறக்கும்படி அலுவலகமே உத்தரவு போட்டது. புதிதாக வந்த ஆள் திறந்தான். அந்த முறை முந்நூற்றுப் பன்னிரண்டு.

கொழுந்தன் இன்னும் கால்வாயில்தான் இருக்கிறான். அங்கே நீர் நகர்வதே தெரியாது. கொசுக்கடி தாங்கவில்லை என்கிறான். அவனைத் திரும்ப அணைக்கு மாற்றக் கேட்டு அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதில் வரவில்லை.