கைதட்டப் போன வெள்ளிக்கிழமை

உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் தோஹாவில் நடந்த வருஷம். சாலையோரம் கூட்டம் சேரவில்லையாம். கைதட்டுவதற்கு எங்கள் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து நாற்பது பேரை, அதுவும் வெள்ளிக்கிழமை லீவில், பஸ்ஸில் ஏற்றினான் சூப்பர்வைசர்.

காய்ச்சலில் கிடந்த முனியசாமி, “என்னால முடியல மாப்ள, என் பேருக்கும் நீயே குரல் குடுத்துரு” என்றான். நாங்கள் ஒருவருக்கொருவர் எப்போதும் செய்வதுதான். பெயர் வாசித்தபோது அவனுக்கும் நானே “எஸ் சார்” என்றேன்.

வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம். சைக்கிள்காரர்கள் விர்ரென்று போய்விட்டார்கள். ரூமுக்குத் திரும்பினால் முனியசாமி உயிரில்லாமல் சில்லிட்டுக் கிடந்தான். வராதவனை ரூமில் போய்த் தேடுவது சூப்பர்வைசரின் வழக்கம். அன்று அவனைத் தேடவிடாமல் செய்தவன் நான்.

இப்போது எனக்கு பஹ்ரைனில் வேலை. நேற்று மத்தியானம் குதைபியா ஏரியா ரூமில், கூடத் தங்கியிருக்கும் ராஜிக் அந்தப் பழைய பந்தயத்தை போனில் ஓடவிட்டான். தடுப்புக்குப் பின்னால், தொப்பியும் கொடியுமாக நான்.

“நீங்கதாண்ணே இது. பக்கத்துல யாரு, போர்வையப் போத்திக்கிட்டு? கையே தட்டாம உங்களையே பாக்குறாரு.”

அந்தப் போர்வையை அன்று காலை நான்தான் அவனுக்குப் போர்த்திவிட்டேன்.

“முனியசாமி” என்றேன். “அன்னிக்கு வந்திருந்தான்.”