தண்ணீர்ச் சேவை என்று எழுதக் கூடாது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன டிசம்பரில் எங்கள் வட்டாரப் பிரதிநிதியின் ஆண்டறிக்கை வீட்டு வாசலில் வந்து விழுந்தது. வழவழப்பான தாள், பதினாறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு படம். 'சேவை' என்ற சொல் அதில் நாற்பத்தொரு முறை வந்திருந்தது. வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து எண்ணினேன். சாக்கடை அள்ளியதும் சேவை, அள்ளுகிற லாரியை அனுப்பியதும் சேவை. ஊரார் சும்மா வந்து செய்ததும் சேவை, சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதும் சேவை. யார் எதைச் செய்தார்கள் என்பது கடைசிவரை பிடிபடவில்லை.*

(* என் சம்பந்தி வீட்டில் இடியாப்பத்தைச் சேவை என்பார்கள். அதையாவது சாப்பிடலாம்.)

இதை வைத்து இன்றைய கதை எழுதினால் நாளைக்கே யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன சார், நம்மளப் பத்தியா?" என்பார்கள். ஆகவே கதையைத் தூக்கிக்கொண்டு 1930-க்குப் போய்விட்டேன். அந்த வருடத்து ஆட்கள் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊர் அதே பினாங்கு ஜார்ஜ் டவுன்தான். ஆனால் கதையில் வரும் மாட்டுக் கம்பம் என்ற குடியிருப்பும் (இங்கே கம்பம் என்றால் சிற்றூர்) நகராட்சிச் சபையும் நானே கட்டியவை, வரைபடத்தில் தேட வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "பினாங்குத் தீவின்மேல் பொன்னிற வெயில் படர்ந்துகொண்டிருந்த அந்த இனிய காலையில், அன்பே உருவான குணவதி—"

(நிறுத்து. வெயில் எல்லா ஊரிலும்தான் படர்கிறது. அன்பே உருவான ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கமிஷனர் சூசை வில்லியம் பெரிய தந்திரசாலி. ஏழைகளின் உழைப்பைத் தன் பெயரில்—"

(இதுவும் வேண்டாம். வில்லியத்தைக் கெட்டவராக்கினால் பத்து வரியில் கதை முடிந்துவிடும். அவர் நல்லவர் என்பதில்தான் தலைவலியே இருக்கிறது.)

மூன்றாம் தொடக்கம், இதுவே நிற்கட்டும்:

மாட்டுக் கம்பத்தில் நாற்பது வீடு, எல்லாம் மாட்டுவண்டி ஓட்டுகிறவர்களின் குடும்பங்கள். குழாய் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் குழாய், டத்தோ கிராமட் சாலைக்கு அந்தப் புறம், டிராம் தண்டவாளத்தைத் தாண்டி இருந்தது. தண்ணீர்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அங்கிருந்து வரும் தண்ணீரோ கம்பத்தைச் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்விடும்.

அந்த வருடம் பிப்ரவரி வறட்சியில், தண்ணீர் எடுக்க ஆளில்லாத வீடுகளுக்கு நாம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தவள் குணவதி. வண்டிக்காரரின் விதவை, வயது நாற்பதுக்கு மேல். படுத்த படுக்கையான கிழவர்கள், வண்டி ஏறிக் கால் போனவர், பிள்ளை பெற்றவள் என்று பதினாறு வீடு தேறியது. குணவதியோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். கம்பின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடப்பார்கள். ஒரு மாதம்தானே என்று தொடங்கியது டிசம்பர் வரை வந்துவிட்டது. நிறுத்த வழி தெரியவில்லை.

3

சனிக்கிழமை பிற்பகல் வில்லியம் கம்பத்துக்கு வந்தார். முன்பு கெப்பாலா பத்தாஸ் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து புண்ணுக்கு மருந்து கட்டியவர். இப்போது சபையில் இந்தியர்களுக்கான கமிஷனர். அவரை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. மேலே இருக்கிறவர்கள் கைகாட்டி உட்காரவைத்தார்கள். அதே கை ஜனவரியில் வேறு ஆளைக் காட்டலாம் என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் இந்தியர் சங்க மண்டபத்தில் அவர் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். குணவதியிடம் அந்தப் பத்தியை முன்கூட்டியே வாசித்துக் காட்டி அவள் முகம் மலர்வதைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வந்திருந்தார்.

"கேளுங்க," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'இவ்வாண்டு மாட்டுக் கம்பத்தில் தண்ணீர்ச் சேவை, தொண்டுள்ளம் படைத்த மாதர்களால், குறைவின்றி இனிதே நடைபெற்றது. ஆர்வ மிகுதியால் ஒருவருக்கு மட்டும் சிறு காயம் ஏற்பட்டது.'"

அந்தச் சிறு காயத்தின் பெயர் சித்தி ஹாஜரா. பதினோரு பேரில் ஒருத்தி, அக்டோபர் மழையில் தண்டவாளத்தில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தவள். கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"ஆர்வ மிகுதியா?" என்றாள் ஹாஜரா. "டிராமுக்குப் பயந்து ஓடுனேன் லா."

குணவதியின் முகம் மலரவில்லை. அந்த வாக்கியத்தில் ஏதோ இடித்தது.

"ஐயா, இனிதே நடைபெற்றதுன்னா?"

"நல்லா நடந்துச்சுன்னு அர்த்தம்மா."

"யாரு நடத்துனது?"

"நீங்கதான். உங்களப் பாராட்டித்தான எழுதியிருக்கேன்."

"இதயே இங்கிலீசுல சபைக்கும் குடுப்பீங்களா?"

"குடுக்கணும். ஜனவரி கூட்டத்துக்கு முன்னால எல்லாரும் படிப்பாங்க."

ஜனவரிக் கூட்டத்தில் மூன்று புதுக் குழாய்கள் எங்கே என்று முடிவாகும். விண்ணப்பம் கொடுத்திருந்த இடங்கள் ஏழு. அதில் ஒன்று மாட்டுக் கம்பம். கம்பத்துக்குக் குழாய் வர வேண்டுமானால் தண்டவாளத்துக்கு அடியில் தோண்ட வேண்டும், அது பெரிய வேலை, அவசரம் இல்லாவிட்டால் தள்ளிப்போடலாம் என்று சபையின் வெள்ளைக்கார இஞ்சினியர் துரை ஏற்கனவே முணுமுணுத்திருந்தார்.

"தண்ணி இனிதே நடக்கற எடத்துக்கு எவன் ஐயா பைப்பு போடுவான்?" என்றாள் குணவதி.

வில்லியம் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லது செஞ்சவங்கள நல்லபடியா நாலு வார்த்த சொல்லக் கூடாதா?"

"போன வருசம் கொல்லன் சந்துல பசங்க காவா கழுவுனத இப்படித்தான் சொன்னீங்க. சுத்தச் சேவைன்னு. மறு மாசமே அங்க தெருக் கூட்டிக்கிட்டிருந்த சபை ஆள வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. பசங்களும் வேலை கெடச்சு சிம்பாங் அம்பாட் பக்கம் போயிட்டானுங்க. இப்ப போய் மோந்து பாருங்க."

"பேசாம ஒரு வாரம் நிறுத்திப் பாப்போம் லா," என்றாள் ஹாஜரா. "சபை ஓடி வரும்."

"சபை ஓடி வர்றதுக்குள்ள மூணாம் வீட்டுப் பெரியவரு போயிடுவாரு." குணவதி வில்லியத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, சேவைய எடுத்துட்டு சுமைன்னு போடுங்க. பைப்பு இல்ல, அதனால பதினோரு பொம்பளைங்க தோள்ல சுமக்கறாங்க, ஒருத்திக்குக் கை ஒடஞ்சு போச்சு. அவ்வளவுதான்."

"அப்ப நான் ஒரு வருசமா சபையில என்ன செஞ்சேன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும் ஐயா. நானும் அதத்தான் கேக்கறேன்."

வில்லியம் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சேவையை அடித்துவிட்டுச் சுமை என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது.

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதைப் படித்த நண்பர் ஒருவர், "1930-ல் ஒரு வண்டிக்காரரின் விதவை கமிஷனரிடம் இப்படிப் பேசியிருப்பாளா?" என்று கேட்டார். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தினமும் முப்பது டின் தூக்குகிறவளுக்கு ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுவதா கஷ்டம்? பேசியிருப்பாள். அதை எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

(இன்னொன்று. இதுவரை வில்லியத்துக்கு 'அவர்', குணவதிக்கு 'அவள்' என்று எழுதிவந்திருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகவே அப்படி எழுதியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. இனி இரண்டு பேரும் 'அவர்'.)

வில்லியம் திருத்திவிட்டாரே, கதை முடிந்ததே என்று நீங்கள் எழுந்துவிட வேண்டாம். பென்சிலில் திருத்துவது எளிது. அதை இருநூறு பேர் முன்னால் வாய்விட்டு வாசிப்பது வேறு.

5

ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 28, மாலை நான்கு மணி. மண்டபத்தில் இருநூறு பேர். முன்வரிசையில் இஞ்சினியர் துரை, அவர் காதருகே சபையின் மொழிபெயர்ப்பாளர் முகம்மது சுல்தான். பெண்கள் பக்கம் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வில்லியம் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். ஆயர் ஈத்தாம் சந்தைக்குக் கூரை போட்டது, அம்மை குத்தியது, விளக்குக் கம்பம் நட்டது. அடுத்த பத்தி மாட்டுக் கம்பம். குணவதி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். வில்லியம் தாளைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"தண்ணீர்ச்... சேவை," என்றார், "இனிதே நடைபெற்றது."

மண்டபம் கை தட்டியது. குணவதிக்குக் காதெல்லாம் கொதித்தது. அவமானம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. புகழ்ந்தே ஒருவரைக் கவிழ்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவருக்கு முழுதாக விளங்கியது.

(இந்த இடத்தில் முந்தைய வரைவில் அவர் அழுதுகொண்டே வெளியே போனார். "கண்ணீர் மல்க, அவர் மெல்ல—" வேண்டாம். அழுகிற ஆள் இல்லை.)

மாலை போடக் கூப்பிட்டார்கள். குணவதி மேடையேறி மாலையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசுங்கள் என்றார் சங்கத் தலைவர், மரியாதைக்கு. பேச மாட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எல்லாரும் கை தட்டுனீங்க, சந்தோசம்," என்றார் குணவதி. "சேவைன்னு ஐயா சொல்லிட்டாரு. சேவைன்னா எல்லாரும் செய்யலாம்தான. நாளைக்குத் திங்கக்கிழம. காலைல ஆறு மணிக்குப் பைப்படிக்கு வாங்க. ஆளுக்கு ரெண்டு டின்னு, நாங்களே தர்றோம். ஐயா, பேரு எழுதிக்குங்க. கை தட்டுனவங்க பேரு மட்டும் போதும்."

சுல்தான் துரையின் காதில் சொல்லத் தொடங்கினார். பாதி கேட்பதற்குள் துரை, நன்றியுரை முடிந்தது என்று எண்ணி, சிரித்த முகமாகக் கை தட்டிவிட்டார்.

"தொரையும் தட்டிட்டாரு," என்றார் குணவதி. "எழுதிக்குங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. வில்லியம் சிரிக்கவில்லை. அறிக்கையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினார். இரண்டாவதாகத் துரையின் பெயர். அதன்பின் வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக வந்தார்கள்.

கூட்டம் கலைகிறபோது வில்லியம் குணவதியிடம் வந்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா. சபைக்குப் போற தாள்ல எந்த வார்த்தையப் போடட்டும், நீங்களே சொல்லுங்க."

"நாளைக்குத் தூக்கிப் பாத்துட்டு நீங்களே போட்டுக்குங்க ஐயா," என்றார் குணவதி.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை, பதினோரு பேரும் வழக்கம்போலச் சுமந்தார்கள். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இதை எழுதிவிட்டு நான் எப்படிச் சாப்பிட உட்கார்வது?

வில்லியம் மட்டும் வந்தார். காற்சட்டையை மடித்துவிட்டு ஒரு நடை தூக்கினார், பாதி வழியில் பாதித் தண்ணீர் சட்டையில். அந்த ஈரத்தோடே சபைக்குப் போய்த் தாளைக் கொடுத்தார். இது எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே நம்ப மாட்டேன்.

துரையும் வந்தார், தூக்கினார், மார்ச்சில் குழாய் வந்தது, குணவதி வாழ்க—

(இதை அடித்துவிட்டேன். குழாய் வந்துவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். 'இனிதே நடைபெற்றது' என்பதைத்தான் நானும் வேறு வார்த்தையில் எழுதியதாக ஆகும். குணவதியைப் புகழ்ந்து ஆயிரத்துச் சொச்சம் வார்த்தை எழுதி, வில்லியம் செய்ததையே செய்ய இருந்தேன்.)

ஆகவே முடிவு என் கையில் இல்லை. சபைக்குப் போகும் தாளில் அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன்:

'இவ்வாண்டு மாட்டுக் கம்பத்தில் நடந்தது தண்ணீர்ச் ————.'

குணவதி மேடையில் பேசியபோது நீங்கள் மனத்துக்குள் கை தட்டியிருந்தால், மன்னிக்க வேண்டும், உங்கள் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. இரண்டு டின், ஒரு கம்பு, சாலைக்கு அந்தப் புறமிருந்து இந்தப் புறம். சொல்லை நடைக்குப் பிறகு எழுதினால் போதும். உங்களுக்கு விழுந்திருப்பது கம்பத்தின் கடைசி வீடு. அங்கே ஒருத்தி பிள்ளை பெற்று எட்டு நாள்தான் ஆகிறது. ஆறரை மணிக்குள் அவளுக்குத் தண்ணீர் வேண்டும்.