செஸ்ட் என்பது முதலில் பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு மரச்சாமான் விளம்பரத்தில் கிடைத்தது. கடைக்காரர் ஒருவருக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் வந்த செஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இழுப்பறை வைத்த அலமாரி என்று பொருள் தெரியும். இருந்தாலும் அகராதியைப் புரட்டினேன். கிரேக்கத்தில் கூடை, லத்தீனில் பெட்டி, ஆங்கிலத்திலும் நெடுங்காலம் பெட்டிதான். மனிதனின் மார்புக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்திருக்கிறது. நடுவில் வழக்கொழிந்த பொருள் ஒன்று: சவப்பெட்டி. புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றிலிருந்து மூச்சை இழுக்கும்போதெல்லாம் பயம். அந்தப் பயத்தை எனக்குப் பதிலாகத் தூக்கிக்கொள்ளக் கதையில் ஓர் ஆள் தேடியபோது அவள் அகப்பட்டாள்.

2

முதல் தொடக்கம்: 'மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் மழை...' வேண்டாம். மழை பெய்தால் கதை கனமாகிவிடும் என்று நம்பிய காலம் போய்விட்டது.

இரண்டாவது: ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கும் தமிழ் தெரியாத டாக்டருக்கும் நடுவே உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்வது அவள் வேலை. அதற்கு விதிகள் உண்டு. நோயாளி 'எனக்கு வலிக்குது' என்றால் அவளும் 'எனக்கு' என்றே சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்க்கவே கூடாது. இன்று எதிரில் இருக்கும் நோயாளி அவளுடைய அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். தெரிந்தால் அவள் வேலை போய்விடும்.

(பிறகு ஏன் துணிந்தாள்? இதில்தான் நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டேன். விடை: அப்பா.) அப்பாவிடம் ஒரு டாக்டர் கேன்சர் என்று போட்டு உடைத்தார். அப்பா எழுந்து வீட்டுக்குப் போனவர்தான். பிறகு சாகும்வரை எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. அண்ணன் அப்பாவை உரித்து வைத்தவர். முன்பின் தெரியாத ஒரு வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அவரும் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம்.

3

விவரம் தெரிந்த நாளிலிருந்து 'நீ' என்று பேசிய அண்ணனை இன்று 'நீங்க' என்கிறாள். அவர் அவளை மேடம் என்கிறார். ஒவ்வொரு முறையும் சிரிப்பை அடக்கப் போய் அது இருமலாக வெளியே வருகிறது. (நிஜமான இருமல் அண்ணனுக்குத்தான். எனக்கில்லை. அப்படியே வைத்துக்கொள்வோம்.)

டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டி, செஸ்ட்டில் நிழல் தெரிகிறது என்றார். மார்பு என்றால் பாடப்புத்தகம் பேசுவதுபோல் இருக்கும். நெஞ்சு என்றால் அண்ணன் ஹார்ட் என்று நினைத்துக்கொள்வார்.

"நெஞ்சுக்கூட்டுக்குள்ள ஒரு நிழல் தெரியுது."

"ஆளு இல்லாம நிழல் வருமா மேடம்?" என்றார் அண்ணன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா கேன்சர் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணனுக்கே புரிந்திருக்கும். அதையே டாக்டர்கள் பாஷையில் 'மேலிக்னன்ட்' ஆக இருக்கலாம் என்றார். நாளைக்கே ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், எல்லாம் புரிந்து அவர் கையெழுத்துப் போட வேண்டும், நாள் கடத்துவது ஆபத்து என்றார். பிறகு அவள் வாயைப் பார்த்தார்.

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி... [இதை எழுத என்னால் ஆகவில்லை.]

முடிவு இரண்டு: சளி கட்டியிருக்கிறது, சும்மா ஒரு டெஸ்ட் என்கிறாள். கையெழுத்து விழுகிறது. அடுத்த வாரத்துக்கு என்ன பொய்? அதற்கடுத்த வாரத்துக்கு? தவிர, அவள் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அதுவாக வந்தது. அண்ணன் 'மேடம்' என்பதை விட்டுவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு நீ சொல்லு."

விதிப்படி அவள் இதையும் மாற்றிச் சொல்ல வேண்டும். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று டாக்டரம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். இத்தனை வருட வேலையில் அவள் தனக்கும் சேர்த்துச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தைரியம் போதாது. அவள் இருந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'அண்ணா' என்று தொடங்குங்கள். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.